சீப்புப் புரட்சி

அலுவலகத்தில் அவளுக்குச் சுமாரம்மா என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் என்று நினைக்க வேண்டாம், முகத்துக்கு நேரேயே அப்படித்தான் கூப்பிட்டார்கள். மணி என்ன என்று கேட்டால்கூட "சுமாரா பத்தே முக்கால்" என்று பதில் சொல்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

அவள் பார்த்த வேலை அப்படி. நாட்டில் உள்ள தொழிற்சாலைகளில் எல்லாம் சேர்த்து எவ்வளவு மதிப்புக்கு இயந்திரங்கள் இருக்கின்றன என்று கணக்கிட்டுச் சொல்வது அவள் பிரிவின் பொறுப்பு. ஒவ்வொரு தொழிற்சாலையாக நுழைந்து எண்ணிக்கொண்டிருக்க யாரால் முடியும்? அதனால் வருஷா வருஷம் ஒரு படிவம் தபாலில் போகும். இந்த வருஷம் என்ன இயந்திரம் வாங்கினீர்கள், எதை விற்றீர்கள், எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், மின்சாரம் எவ்வளவு ஓடியது என்று பவ்யமாகக் கேட்டிருக்கும். பாதி முதலாளிகள் அதைப் பிரிக்காமலே ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் சொருகிவிடுவார்கள். பதில் அனுப்புகிற மீதிப் பேரும் தங்களுக்குப் பிடித்த கேள்விக்கு மட்டும் பதில் எழுதுவார்கள்.

அந்த அரைகுறைப் பதில்களை வைத்துக்கொண்டு முழுத் தொகையைச் சொல்ல வேண்டும். அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். போன வருஷத்து இருப்போடு இந்த வருஷம் வாங்கியதைக் கூட்டு. விற்றதைக் கழி, தேய்ந்ததைக் கழி. மிஞ்சுவது இன்றைய இருப்பு. பதிலே போடாத பட்டறையா, அதே தொழிலில் அதே அளவு ஆள் வைத்திருக்கிற இன்னொரு பட்டறை ஒழுங்காக எழுதியிருக்கும், அதைப் பார்த்து இதற்கும் போட்டுக்கொள். 'விற்றது' என்ற கட்டம் காலியாக இருக்கிறதா, பூஜ்யம் போடு. இந்தக் கடைசி விதி அவளே உண்டாக்கியது. ஒன்றும் விற்காதவன் அந்தக் கட்டத்தைக் காலியாகத்தானே விடுவான் என்று கூட்டத்தில் எழுந்து நின்று, எதிர்த்தவர்கள் வாயை அடைத்து நிறைவேற்றிய விதி.

அடுத்தவர் விட்ட காலிக் கட்டங்களை எல்லாம் இப்படி அசராமல் நிரப்புகிறவள், தன் சொந்த விஷயத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லவில்லை என்று யாரும் என்மேல் குறைபட வேண்டாம்.

களப்பிரிவில் ஒருவன் இருந்தான். படிவத்துக்குப் பதில் போடாதவர்கள் வீட்டுக் கதவைப் போய்த் தட்டுவது அவன் உத்தியோகம், அதனால் கதவுதட்டி என்று பெயர். ஒரு நாள் கேன்டீனில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, டீயைக் குடிக்காமல் ஆறவிட்டு, "நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டா நல்லா இருக்கும்னு எனக்குத் தோணுதுங்க. உங்களுக்கு என்ன தோணுதுன்னு சொல்லுங்க," என்று கேட்டுவிட்டான். அவளுக்குச் சந்தோஷத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து இயக்குநரிடமிருந்து போன் வந்தது. எழுந்து போனாள். போனவள் திரும்பி வந்து பதில் சொல்லியிருக்கலாம். அன்று சொல்லவில்லை, மறுநாள் நேற்றே சொல்லாததற்கு வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. அதற்கும் மறுநாள் இரண்டு நாளாகச் சொல்லாததற்கு வெட்கமாக இருந்தது. இப்படியே வெட்கம் வட்டி போட்டு வளர்ந்து, கடைசியில் அவன் வருகிற தாழ்வாரத்தை விட்டுவிட்டு மாடியைச் சுற்றிக்கொண்டு போகிற அளவுக்கு வந்துவிட்டது. அவனும் மறுபடி கேட்கவில்லை. கதவு திறக்காத வீட்டை ஓயாமல் தட்டுகிறவன் அவன், ஆனால் இந்த ஒரு கதவை ஒரு தடவைதான் தட்டினான்.

இப்போது கதைக்கு வருவோம். அந்த வருஷத்துக் கணக்கு முடிந்தது. முடிந்ததும் சுமாரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. சிறு பிளாஸ்டிக் சாமான்கள் என்று ஒரு வகை உண்டு. சீப்பு, பொத்தான், சோப்பு டப்பா, துணிக்கு மாட்டும் கிளிப், இந்த மாதிரிச் சில்லறைச் சாமான்கள். நேற்று வரை யாரும் சீண்டாத அந்த வகையில் இயந்திரங்களின் மதிப்பு வருஷத்துக்கு வருஷம் எகிறிக்கொண்டே போய், இந்த வருஷம் இரும்பு உருக்குகிறவர்களையே தாண்டிவிட்டது. அவள் மூன்று தடவை கூட்டிப் பார்த்தாள். மூன்று தடவையும் சீப்புதான் ஜெயித்தது.

இயக்குநர் அந்த எண்ணைப் பார்த்து நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். அவர் பெரிய வார்த்தைகளில் மோகம் உள்ளவர்.

"இதுக்குப் பேரு என்ன தெரியுமா? சீப்புப் புரட்சி," என்றார். "நம்ம கண்ணு முன்னாடி நடந்திருக்கு, ஒருத்தனும் கவனிக்கல. நாளை மறுநாள் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிடுறேன். நீங்களே எழுந்து நின்னு அறிவிக்கணும்."

அலுவலகம் முழுவதற்கும் கேக் வாங்கி வரச் சொன்னார். கேக்கின்மேல் சர்க்கரைப் பாகில் ஒரு சீப்பு வரைந்திருந்தது. அவள் அந்தச் சீப்பின் பற்கள் உள்ள துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, கால் தரையில் பாவாமல் தன் அறைக்கு வந்தாள். வரும் வழியில் இயக்குநர் போகிறபோக்கில் இன்னொன்றையும் சொன்னார்.

"அந்தக் கதவுதட்டி வடக்குக் கிளைக்கு மாத்தல் கேட்டிருக்கான்ம்மா. இடம் காலியா இருக்கு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள உறுதியாச் சொல்லச் சொல்லியிருக்கேன். நல்ல பையன், இங்க என்ன குறைன்னு தெரியல."

வடக்குக் கிளை ஒரு இரவும் ஒரு பகலும் ரயிலில் போகிற தூரம். சர்க்கரைச் சீப்பின் ஒரு பல்லைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் ஜன்னல் ஓரமாக வெகுநேரம் நின்றாள். பிறகு, மனசு சரியில்லாவிட்டால் எண்களைப் பார்க்கிற பழக்கத்தில், படிவங்களின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பார்த்தாள். மின்சாரம் எவ்வளவு ஓடியது என்ற பக்கம்.

மின்சாரம் ஏறவே இல்லை.

இயந்திரம் ஏறியிருக்கிறது, மின்சாரம் ஏறவில்லை. இத்தனை இயந்திரமும் காற்றைக் குடித்தா ஓடுகிறது? அவள் கேக்கை வைத்துவிட்டுத் தோண்ட ஆரம்பித்தாள். அந்த வகையில் 'வாங்கியது' பக்கத்தைப் பொறுப்பாக எழுதி அனுப்புகிறவர்கள் இரண்டே பேர். ஒரு சீப்புத் தொழிற்சாலை, ஒரு பொத்தான் தொழிற்சாலை. சீப்பு ஒரு வருஷம் பெரிய இயந்திரம் வாங்குகிறது, அடுத்த வருஷம் பொத்தான் அதைவிடப் பெரிய விலைக்கு வாங்குகிறது, அதற்கடுத்த வருஷம் மறுபடி சீப்பு. 'விற்றது' கட்டம் மட்டும் எப்போதும் காலி. மற்ற பட்டறைகள் பதிலே போடாததால், அதே அளவு பட்டறை வேறு கிடைக்காமல், அத்தனைக்கும் இந்த இருவரைப் பார்த்தே போட்டிருந்தது. ஒற்றை அறையில் உட்கார்ந்து துணிக்கிளிப் செய்கிற பட்டறையின் தலையிலும் இரண்டு மூன்று ராட்சத இயந்திரங்களைத் தூக்கி வைத்திருந்தாள் சுமாரம்மா.

சரி, இந்த இருவரும் உண்மையிலேயே வாங்கிக் குவிக்கிறார்களா? போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். இத்தனை வருஷத்தில் அந்த இரண்டு இடத்துக்கும் யாரும் போனதில்லை. ஒழுங்காகப் பதில் அனுப்புகிறவர்கள் கதவை எந்த அலுவலகம் தட்டுகிறது? ஆனால் போவதற்கும் ஒரு முறை உண்டு. விலாசம் களப்பிரிவில்தான் இருக்கும், களப்பிரிவு ஆள் கூட வராமல் ஒரு தொழிற்சாலைக்குள் கால் வைக்கக் கூடாது. அந்த வகைக்குரிய களப்பிரிவு ஆள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாடியைச் சுற்றாமல் தாழ்வாரம் வழியாகவே போனாள். கதவுதட்டி மேசையைக் காலி செய்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"சீப்பும் பொத்தானும் பார்க்கணும்," என்றாள் அவள். வேறு வார்த்தை வரவில்லை.

அவன் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. போனை எடுத்துப் பேசினான். பேசிவிட்டு, கொஞ்சம் குழம்பிய முகத்தோடு வைத்தான். "சீப்புக்காரம்மாவோட வீட்டுக்காரர்தான் பேசினாரு. நாளைக்கு வாங்க, நாளைக்கு நாங்க எல்லாரும் ரோட்டுலதான் இருப்போம்னு சொல்றாரு. என்ன அர்த்தம்னு தெரியலங்க."

மறுநாள் காலையில் பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். இதுதான் சமயம் என்று அவள் வீட்டிலேயே கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தாள். 'நீங்க கேட்டதுக்குப் பதில்' என்று ஆரம்பிக்க வேண்டும். முதல் நிறுத்தத்தில் ஆரம்பிக்கலாம் என்று இருந்தாள். இரண்டாவது நிறுத்தத்தில் ஒரு அம்மா பெரிய பூட்டுச்சாவிக் கொத்தோடு ஏறி முன்னால் நின்றுகொண்டாள். அந்த அம்மா இறங்கட்டும் என்று இருந்தாள். இறங்கியதும் வாயைத் திறந்தாள்.

"இந்தப் பிளாஸ்டிக் மெஷின் எல்லாம் சுமாரா எத்தனை வருஷம் உழைக்கும்?"

"தெரியலங்க," என்றான் அவன். கொஞ்சம் பொறுத்து, "நல்லாப் பாத்துக்கிட்டா ரொம்ப வருஷம் உழைக்கும்னு நினைக்கிறேன்," என்றான்.

இப்படிப் பேசிக்கொண்டு போனால் எங்கே உருப்படுவது? இறங்க வேண்டிய இடம் வந்தது.

தெரு முனையிலேயே கூட்டம். சரிவான ஒரு குறுக்குத் தெரு. மேட்டுப் பக்கம் நீல இரும்புக் கேட், அதற்கு நேர் எதிரே பள்ளத்துப் பக்கம் பச்சை இரும்புக் கேட். நீலக் கேட்டில் பெரிய சீப்பு ஒன்று வரைந்திருந்தது, பச்சைக் கேட்டில் பொத்தான். இரண்டுக்கும் நட்டநடுவே, தெருவை அடைத்துக்கொண்டு, இரும்புக் குழாய்களின்மேல் ஒரு இயந்திரம் நின்றது. சின்ன லாரி அளவு இருக்கும். சாம்பல் வண்ணம், பக்கவாட்டில் பழைய எண்ணெய் வழிந்த தடம். நாலாபுறமும் கயிறு, கடப்பாரை, இரண்டு தொழிற்சாலை ஆட்களும். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. பின்வரிசை வண்டிக்காரர் ஒருவர் இஞ்சினை அணைத்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் பார்த்துப் பழகியவராக இருக்க வேண்டும்.

நீலக் கேட் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்ற அம்மா சீப்பு முதலாளி. பச்சைக் கேட் முன்னால் அதே மாதிரி இடுப்பில் கைவைத்து நின்றவர் அவளுடைய தம்பி, பொத்தான் முதலாளி. இருவருக்கும் நடுவில், தலையில் துண்டோடு இயந்திரத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தவர் அக்காவின் வீட்டுக்காரர். அக்காவும் தம்பியும் நேருக்கு நேர் பேசுவதில்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அந்த மனுஷர்தான் அஞ்சல்.

"என்னங்க, அவன்கிட்ட சொல்லுங்க," என்றாள் அக்கா. "வருஷம் முழுக்க எண்ணெயே போடல போல. கிறீச்சு கிறீச்சுன்னு கத்துது."

வீட்டுக்காரர் திரும்பினார். "மாப்ளே, அக்கா என்ன சொல்றாள்னா..."

"காது கேக்குது மாமா. எண்ணெய் எல்லாம் நான் போட்டுட்டேன். கத்துறது மெஷின் இல்ல, அவங்க கேட்டுன்னு சொல்லுங்க."

வீட்டுக்காரர் இந்தப் பக்கம் திரும்ப வாயைத் திறந்தார், அதற்குள் அக்கா கேட்டை ஓங்கி ஒரு தள்ளு தள்ளினாள். கேட் கிறீச்சிட்டது. கயிறு பிடித்திருந்த இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே மாதிரி வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

கதவுதட்டி அலுவலக அட்டையைக் காட்டி வணக்கம் சொன்னான். வணக்கம் சொன்ன கையில் யாரோ ஒரு கடப்பாரையைக் கொடுத்து, "தம்பி, பின்குழாய்க்கு முட்டுக் குடுத்துப் பிடிங்க, விட்டுடாதீங்க," என்றார்கள். அவனும் பிடித்துக்கொண்டான். தட்டப் போன கதவு திறந்தே இருந்து அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சுமாரம்மா அக்காவிடம் போனாள். "அம்மா, புள்ளிவிவர அலுவலகத்துலேர்ந்து வர்றோம். நீங்க வருஷம் விட்டு வருஷம் வாங்குற பெரிய மெஷினை எல்லாம் பார்க்கணும்."

"பாருங்க," என்று அக்கா தெருவைக் காட்டினாள்.

"இது இந்த வருஷம் வாங்கினது. முன்னாடி வாங்கின மத்ததெல்லாம்?"

"எந்த மத்தது?"

"இதுக்கு முன்னாடி ஒண்ணு, அதுக்கு முன்னாடி ஒண்ணு. எதிர்ல தம்பியும் வாங்கியிருக்காரு."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இதத்தாம்மா வாங்குறோம். இது ஒண்ணுதான். ஒரு வருஷம் நான் அவன்கிட்டேர்ந்து வாங்குவேன், மறு வருஷம் அவன் என்கிட்டேர்ந்து வாங்குவான்."

சுமாரம்மா இயந்திரத்தைப் பார்த்தாள். அவளுடைய புரட்சி குழாய்மேல் நின்று லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இரும்பை முந்திய தொழில், இயக்குநரின் கேக், நாளைக்கு வரப்போகிற பத்திரிகைக்காரர்கள், துணிக்கிளிப் பட்டறையின் தலையில் அவள் ஏற்றிவைத்த ராட்சதங்கள், எல்லாம் இந்த ஒற்றை உருப்படி. ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் போய் வந்திருக்கிறது, போகிறபோதெல்லாம் அவள் கணக்கில் ஒரு குட்டி போட்டிருக்கிறது. அழ வேண்டிய நேரம் அது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் வயிற்றில் லேசாகக் குலுங்கியது. பிறகு அடக்க அடக்கப் பீறிட்டு, சாக்கடைத் திட்டில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் முட்டி, மூச்சு வாங்கச் சிரித்தாள். கதவுதட்டி கடப்பாரையைப் பிடித்தபடி என்ன ஆயிற்று என்று பதறினான். "ஒண்ணே ஒண்ணு," என்று ஒரு விரலைக் காட்டத்தான் அவளால் முடிந்தது. அவனுக்கும் புரிந்துவிட்டது. அவனும் சிரித்தான், கடப்பாரை ஆடியது, "பிடிங்க தம்பி" என்று நாலு பேர் கத்தினார்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து குந்தி, தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு விவரம் சொன்னார். மாமனார் போனதும் தொழிற்சாலையை இரண்டாகப் பிரித்தார்களாம். எல்லாம் இரண்டாகப் பிரிந்தது, இந்தப் பெரிய இயந்திரத்தை எப்படிப் பிரிப்பது? அக்கா பங்குக்கு வந்தது. மறு வருஷம் தம்பிக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. எடுத்துக்கொண்டு போ என்றாள் அக்கா. இனாமாக வாங்க நான் என்ன இளைத்தவனா என்று அவன் விலை கொடுத்து வாங்கினான். அதற்கு அடுத்த வருஷம் அக்காவுக்குத் தேவைப்பட்டது. எடுத்துக்கொள் என்றான் தம்பி. நீ மட்டும் கொடுப்பாய், நான் சும்மா எடுப்பேனா என்று அவள் கொஞ்சம் கூட்டியே கொடுத்தாள். அதிலிருந்து ஏட்டிக்குப் போட்டி. ஆளுக்கு ஒரு வருஷம், ஆளுக்குக் கொஞ்சம் கூட.

"சண்டை ஒண்ணும் இல்லைங்க," என்றார். "ரெண்டுக்கும் ரோஷம் ஜாஸ்தி, அவ்வளவுதான். என் முதுகுதான் ஒடியுது."

சுமாரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஒன்று மட்டும் அவளுக்கு இன்னும் புரியவில்லை. "அம்மா, வாங்குற வருஷம் அழகா எழுதி அனுப்புறீங்க. விக்கிற வருஷம் ஏன் அந்த இடத்தைக் காலியா விட்டுடுறீங்க? ரெண்டு பேரும் ஒரே மாதிரி."

அக்கா இயந்திரத்தின் பக்கவாட்டைத் தடவினாள். "அந்த வருஷம் எழுத வராதும்மா. பேனாவை எடுப்பேன். அப்பா வாங்கினது. வித்துட்டேன்னு என் கையால எழுதிட்டா நிஜமாவே போயிடுச்சுன்னு ஆயிடும்ல. அப்புறம் எழுதலாம்னு வெச்சிடுவேன், அப்புறம் அப்படியே போயிடும்." எதிர்க் கேட்டைப் பார்க்காமல் சேர்த்துச் சொன்னாள், "அவனுக்கும் அப்படித்தான் இருக்கும்."

எதிர்க் கேட்டில் தம்பி தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்காவுக்குத் திடீரென்று சந்தேகம் வந்தது. கடப்பாரை பிடித்திருந்தவனிடம் திரும்பினாள். "ஏன் தம்பி, காலியா விட்டா உங்க ஆபீஸ்ல என்னன்னு எடுத்துப்பீங்க? ஒண்ணும் இல்லைன்னா?"

கதவுதட்டி தலையை நிமிர்த்தவில்லை. "அப்படித்தாம்மா எடுத்துக்கிட்டேன்," என்றான்.

எடுத்துக்கொள்வோம் என்று சொல்லவில்லை. அவன் பேசுவது படிவத்தைப் பற்றி இல்லை என்று சுமாரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் எழுந்து நின்று வாதாடி ஜெயித்த விதி. காலியென்றால் பூஜ்யம். இந்த மனுஷன் அதை அட்சரம் பிசகாமல் பின்பற்றி, மேசையைக் காலி செய்து, வடக்கே போகப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறான். எழுத வராமல் விட்டவளை, எழுத ஒன்றும் இல்லாதவள் என்று எண்ணிக்கொண்டான். அப்படி எண்ணச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தானே.

அந்த நேரம் பார்த்து இயக்குநரிடமிருந்து போன் வந்தது. இவர் ஒருவர், எப்போது போன் செய்யக் கூடாதோ அப்போது சரியாகச் செய்வார்.

"எண்ணை அச்சுக்கு அனுப்பலாமா?" என்றார் அந்தப் பக்கம். "பேனர் தயாராயிடுச்சு. பின்னாடி பெரிய சீப்பு."

"அனுப்பாதீங்க சார். புரட்சி ரோட்டுல நிக்குது."

"என்னது?"

"ஒரே மெஷின் சார். அக்காவும் தம்பியும் மாத்தி மாத்தி வாங்கிக்கிறாங்க. நாமதான் ஒவ்வொரு தடவையும் புதுசுன்னு எண்ணிட்டோம். தப்பு என்னோடது. வித்த இடம் காலியா இருந்தா பூஜ்யம்னு போடச் சொன்னது நான்தான். நாளைக்கு நானே எழுந்து நின்னு அதைச் சொல்லிடுறேன்."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. இயக்குநர் நல்லவர், ஆனால் பேனருக்குக் காசு கொடுத்துவிட்டவர். "சரி, அந்தக் கதவுதட்டி பக்கத்துல இருக்கானா?" என்றார். "வடக்கே போறானா இல்லையான்னு கேளுங்க. இன்னிக்கே சொல்லணும்."

"போகல சார்," என்றாள் சுமாரம்மா.

"அவன் சொன்னானா?"

"நான் சொல்றேன் சார்." ஹாரன்கள் சேர்ந்து அடித்ததால் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "அவர் என்கிட்ட ஒண்ணு கேட்டாரு. நான் பதில் சொல்லாம விட்டுட்டேன். சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாம விடல. சந்தோஷத்துல வார்த்தை வரல, அதனால விட்டுட்டேன்."

ஹாரன்கள் நின்றுவிட்டன. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை மடித்தார். கதவுதட்டி கடப்பாரையைப் பிடித்தபடி தலையை நிமிர்த்தினான்.

"அப்போ இப்போ சொல்லிடும்மா," என்றாள் அக்கா. "மெஷின் எவ்வளவு நேரம் நடுரோட்டுல நிக்கும்?"

"சரிங்க," என்றாள் சுமாரம்மா, போனில் இல்லாமல் அவனைப் பார்த்து. "பண்ணிக்கலாம்."

அவன் கடப்பாரையை விட்டுவிட்டான்.

விட்டதும் பின்குழாய் உருண்டது. சரிவில் இயந்திரம் மெல்ல, யாரையும் கேட்காமல், பச்சைக் கேட்டைப் பார்த்துத் திரும்பிப் போக ஆரம்பித்தது. ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். அக்கா பாய்ந்து வந்து முன்கயிற்றைப் பிடித்தாள். தம்பியும் பாய்ந்து வந்து அதே கயிற்றைப் பிடித்தார்.

"டேய், இழுத்துப் பிடிடா."

"பிடிச்சிருக்கேன்க்கா. நீ கையை எடு, அறுத்துடும்."

"நீ எடு முதல்ல."

இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை, கயிற்றோடு சேர்ந்து சறுக்கிக்கொண்டே போனார்கள். இயந்திரம் பச்சைக் கேட்டுக்குள் பின்பக்கத்தைப் பாதி நுழைத்து, முட்டிக்கொண்டு நின்றது. வீட்டுக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். அஞ்சல் வேலைக்குத் தயாராக இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். அவருக்கு அங்கே வேலை இல்லை.

"பாத்தியா, அதுக்கே உன்னை விட்டு வர மனசில்ல," என்று அக்கா தம்பியிடம் நேராகச் சொன்னாள். உள்ளங்கையில் கயிறு தேய்த்த சிவப்பை ஊதிக்கொண்டாள். "இங்கேயே இருக்கட்டும். என் சீப்பு வார்க்குற அச்சை எடுத்துக்கிட்டு நான் இங்க வந்து ஓட்டிக்கிறேன். பகல்ல நீ, சாயங்காலம் நான். இனாம் இல்ல, கரண்டு பில்லுல பாதி என்னுது."

தம்பி தலையை ஆட்டினார். பிறகு அவசரமாகச் சுமாரம்மாவிடம் திரும்பினார். "மேடம், அப்போ உங்க ஃபாரத்துல இந்த வருஷம் நான் என்ன எழுதுறது?"

"ஒண்ணும் வாங்கல, ஒண்ணும் விக்கலன்னு எழுதுங்க," என்றாள் அவள். "ஆனா எழுதுங்க. காலியா மட்டும் விட்டுடாதீங்க."

திரும்பும்போது இருவரும் பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். அவன் சட்டை முழுக்க எண்ணெய்க் கறை, அவள் புடவை ஓரத்தில் சாக்கடைத் திட்டின் சுண்ணாம்பு. நாளைக்கு ஊரே பார்க்க அவள் எழுந்து நின்று, பெரிய எண் தப்பு, சின்ன எண்தான் சரி என்று சொல்ல வேண்டும். பத்திரிகைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தது அவளுக்கு. அவனுடைய எண்ணெய்க் கை அவள் கையைத் தொடலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தது, அவளே எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றான் அவன். "இந்தப் பதில் சுமாரா எப்போலேர்ந்து உங்ககிட்ட இருக்கு?"

"சுமாரா இல்லைங்க. உங்க டீ ஆறிக்கிட்டு இருந்துச்சே, அப்போலேர்ந்து."

பேருந்து வந்து நின்றது. யாரும் ஏறாததால் போய்விட்டது.